பிரான்ஸில் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும் நாள்: சில கேள்விகள், பதில்கள்

கார் எடுக்கும்போது யாரும் எதுவும் கேட்பதில்லை, திருப்பிக் கொடுக்கிற நாள் நெருங்கியதும்தான் கேள்விகள் வந்து குவிகின்றன. இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் பொதுவானவை மட்டும்.

ஆர்ல் நகரத்தில் ஞாயிறு மாலை காரைக் கொடுக்க வேண்டும். ஏஜென்சி மூடியிருக்குமாம், சாவியைப் பெட்டியில் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போடலாம், ஆனால் என்ன ஒப்புக்கொள்கிறீர்கள் என்று தெரிந்து போடுங்கள். சாவி பெட்டிக்குள் விழுந்ததும் உங்கள் பொறுப்பு முடிந்தது என்று நினைக்கிறோம், பெரும்பாலான ஒப்பந்தங்களில் அப்படி இல்லை. மறுநாள் ஏஜென்சி திறந்து, ஊழியர் வந்து காரைப் பார்க்கும்வரை அது உங்கள் கணக்கில்தான் நிற்கிறது. இரவில் பக்கத்துக் கார்க்காரர் கதவைத் திறந்து இடித்துவிட்டுப் போனால், அந்தக் கீறல் உங்களுடையது இல்லை என்று நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அதனால் போனை எடுங்கள். நான்கு பக்கமும், நான்கு சக்கரங்களும் (சக்கர விளிம்புக் கீறலுக்குத்தான் அடிக்கடி பில் வருகிறது), முன்கண்ணாடி, கூரை, கிலோமீட்டரும் எரிபொருள் முள்ளும் தெரிகிற மாதிரி டேஷ்போர்டு, கார் நிற்கும் கட்டத்தின் எண், சாவி பெட்டிக்குள் போகிற காட்சி, எல்லாவற்றையும் நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே எடுப்பது நல்லது, நிலத்தடி பார்க்கிங்கின் மஞ்சள் விளக்கில் கீறல் எதுவும் தெரியாது. அன்று இரவே ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல்: இத்தனை மணிக்கு, இந்தக் கட்டத்தில் விட்டேன், இத்தனை கிலோமீட்டர், டேங்க் நிறைந்திருக்கிறது, இவ்வளவு போதும். பார்க்கிங் தடுப்பில் எடுத்த சீட்டைக் காருக்குள்ளேயே வைத்துவிடுங்கள், பையில் போட்டுக்கொண்டு விமானம் ஏறிவிடாதீர்கள்.

என்னைக் கேட்டால், விலையுயர்ந்த கார் என்றால் சாவிப் பெட்டி வேண்டாம். பெரிய விமான நிலைய ஏஜென்சிகள் ஞாயிறும் திறந்திருக்கும், மார்செய் அங்கிருந்து வெகு தூரமில்லை. ஊரை மாற்றினால் கூடுதல் கட்டணம் வரலாம், அதனால் முன்பதிவு செய்யும்போதே முடிவெடுங்கள். சிறிய ஊர்களில் ஞாயிறு மட்டுமல்ல, சனி மதியத்துக்குமேல் கடை இல்லை, வார நாளிலும் 12 முதல் 2 வரை சாப்பாட்டுக்கு மூடிவிடுவார்கள். மே 1, மே 8, ஜூலை 14, ஆகஸ்ட் 15 ஆகிய தேதிகளில் பயணம் முடிகிறது என்றால் முதலில் நேரத்தைப் பாருங்கள், பிறகு டிக்கெட் போடுங்கள்.

ஜெனீவா விமான நிலையத்தில் எடுத்தோம், அங்கேயே கொடுக்கிறோம். இதில் என்ன சிக்கல் இருக்க முடியும் என்கிறார் கணவர்.

அவரிடம் முன்பதிவுச் சீட்டை எடுத்து வரச் சொல்லுங்கள். அந்த விமான நிலையத்துக்கு சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு உண்டு, இரண்டிலும் கார் வாடகைக் கவுண்டர்கள் இருக்கின்றன. பிரெஞ்சுப் பக்கம் எடுத்த காரை சுவிஸ் பக்கம் விட்டால், வேறு நாட்டில் விட்டதாகக் கணக்கு, பில் கண்ணைப் பறிக்கும். பலர் மாட்டுவது இப்படித்தான்: ஜிபிஎஸ் வழிகாட்டியில் வெறுமனே 'ஜெனீவா விமான நிலையம்' என்று போடுகிறார்கள், அது அழகாக சுவிஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. வழியில் சுவிஸ் நெடுஞ்சாலையைத் தொட்டால் 40 பிராங்க் ஆண்டு ஸ்டிக்கர் வேறு தேவை, பிரெஞ்சுப் பக்கத்துக் காரில் அது ஒட்டியிருக்கும் என்று நம்பாதீர்கள்.

பிரெஞ்சுப் பக்கத்துக்கு பெர்னே-வோல்தேர் ஊர் வழியாகத் தனிச் சாலை போகிறது, இருபுறமும் வேலி. 'செக்டர் பிரான்ஸ்' என்ற பலகையைப் பிடித்துக்கொண்டே போங்கள். காரை விட்டுவிட்டு கட்டிடத்துக்குள் நடந்தே சுவிஸ் பக்கத்துக்குப் போய் விமானம் ஏறலாம், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். பாசல்-முலூஸ் விமான நிலையத்திலும் இதே கதைதான், அது முழுக்க பிரெஞ்சு மண்ணில் இருந்தாலும்.

பாரிஸில் கார் து நோர் ரயில் நிலையத்தில் கொடுத்துவிட்டு யூரோஸ்டார் பிடிக்கலாமா? ஒன்பது பேர் வேன்.

வேன் என்றால் முதல் கேள்வி உயரம். ரெனோ திராபிக் மாதிரி வண்டி ஏறக்குறைய 1.97 மீட்டர், பாரிஸின் பல நிலத்தடி பார்க்கிங்குகள் 1.90-க்கு மேல் உள்ளே விடுவதில்லை. ஏஜென்சியை அழைத்து வேனை எங்கே வாங்குவார்கள் என்று கேளுங்கள். வழிகாட்டியில் ரயில் நிலையத்தின் பெயரைப் போடாமல் அவர்கள் தரும் பார்க்கிங் முகவரியைப் போடுங்கள், இல்லையென்றால் டாக்சிகளுக்கு நடுவே ஒருவழித் தெருக்களில் சுற்றிக்கொண்டிருப்பீர்கள்.

கோடை முடிவில் வருபவர்களுக்கு இன்னொன்று. லா ஷப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஒரு ஞாயிறு அன்று வீதி வலம் வரும்போது நிலையத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் கார் நகராது. தேர் பார்க்க வருகிறீர்கள் என்றால் ரொம்ப நல்லது, காரை மட்டும் முந்தைய நாளே கொடுத்துவிடுங்கள்.

என் யோசனை: வேனை ஷார்ல் து கோல் விமான நிலையத்தில் கொடுத்துவிட்டு ஆர்.இ.ஆர் பி ரயிலில் நேராக கார் து நோர் வந்துவிடுங்கள். அங்கே விடுவதாக இருந்தால் எந்த டெர்மினல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இரண்டும் தள்ளித் தள்ளி இருக்கின்றன, நடுவில் இலவச ரயில் ஓடுகிறது. பெட்டிகள் அதிகம் என்றால் பெரியவர்களையும் சாமான்களையும் முதலில் டெர்மினலில் இறக்கிவிட்டு ஒருவர் மட்டும் காரைக் கொடுக்கப் போகட்டும்.

நார்மண்டி போய் வந்தோம். டோல் கேட்டே வரவில்லை, இலவசமா?

இல்லை. பாரிஸ்-நார்மண்டி இடையே ஏ13, ஏ14 சாலைகளில் 2024-ல் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள், இப்போது மேலே இருக்கும் கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கிறது. 72 மணி நேரத்துக்குள், டோல் வசூலிக்கும் சானெஃப் நிறுவனத்தின் இணையதளத்தில் நம்பரைப் போட்டு நீங்களாகக் கட்ட வேண்டும். கட்டாமல் விட்டால் முதலில் 10 யூரோ கூடும், இன்னும் இழுத்தால் 90. நோட்டீஸ் போவது கார் உரிமையாளரான நிறுவனத்துக்கு. அவர்கள் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கான கூலியையும் உங்கள் கார்டிலிருந்து எடுப்பார்கள். வேகக் கேமரா அபராதமும் இப்படித்தான் இரண்டு தவணையாக வரும், நிறுவனத்தின் கட்டணம் முதலில், அரசின் அபராதம் வீட்டு முகவரிக்குப் பிறகு. ஊருக்கு வெளியே வேக வரம்பை 20 கிலோமீட்டருக்குள் மீறினால் 68 யூரோ, சீக்கிரம் கட்டினால் 45. பாரிஸ் சுற்றுச்சாலையில் வரம்பு இப்போது 50 தான், அவசரத்தில் பலரும் சிக்கும் இடம் அது.

கடைசி டேங்க் எங்கே நிரப்புவது?

லெக்லேர், கார்ஃபூர், இன்டர்மார்ஷே போன்ற சூப்பர்மார்க்கெட்டுகளின் பெட்ரோல் பங்குகளில். நெடுஞ்சாலைப் பங்குகளைவிட மலிவு. ஞாயிறன்று ஆள் இருக்கமாட்டார்கள், இயந்திரம் கார்டு கேட்கும், முதலில் 100, 150 யூரோவைக்கூடத் தற்காலிகமாகப் பிடித்து வைக்கும், சில வெளிநாட்டு கார்டுகளை ஏற்காது. அதனால் சனிக்கிழமை ஆள் இருக்கும்போதே ஏறக்குறைய நிரப்பிவிடுங்கள். 'கஸோல்' என்று எழுதியிருப்பது டீசல், பெட்ரோல் அல்ல. சதுரக் குறியில் பி7 என்றால் டீசல், வட்டக் குறியில் இ5, இ10 என்றால் பெட்ரோல், இதே குறி டேங்க் மூடியின் உள்பக்கமும் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள். ரசீதை எறியாதீர்கள்.

கொடுத்து மூன்று வாரம் கழித்து 'கதவில் சேதம்' என்று பணம் எடுத்துவிட்டார்கள். டெபாசிட்டிலும் பாதிதான் வந்தது.

எழுத்தில் கேளுங்கள், போனில் பேசி நேரத்தை வீணாக்காதீர்கள். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் எழுதிய நிலை அறிக்கைகள், தேதியுடன் சேதத்தின் படம், பழுதுபார்ப்பு மதிப்பீடு, மூன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுத்தபோது ஊழியர் கையெழுத்திட்ட தாள் உங்களிடம் இருந்தால் பாதி வழக்கு ஜெயித்த மாதிரி, அவர் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் அந்தத் தாளை வாங்காமல் நகராதீர்கள். பதில் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் சமரசர் இருக்கிறார். 2016 முதல் பிரான்ஸில் ஒவ்வொரு வணிக நிறுவனமும் வாடிக்கையாளருக்கு அந்த வழியைத் தர வேண்டும், நமக்குச் செலவில்லை, எழுத்துப் புகாருக்குப் பிறகு ஓர் ஆண்டுக்குள் போக வேண்டும். கூடவே உங்கள் கார்டு வங்கியிலும் மறுப்புப் பதிவு செய்யுங்கள்.

காரைக் கழுவித்தான் கொடுக்க வேண்டுமா?

வெளியே தூசி இருந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை. உள்ளே கடல் மணல், சிகரெட் வாடை, சீட்டில் சாம்பார் கறை என்றால் சுத்தம் செய்யும் கட்டணம் வரும். பல சூப்பர்மார்க்கெட் பங்குகளில் நாணயம் போட்டால் ஓடும் வாக்குவம் இருக்கிறது, டேங்க் நிரப்பும்போதே வேலையை முடித்துவிடலாம். அப்படியே கார் திரையில் உங்கள் போனின் பெயரையும், அது இழுத்து வைத்திருக்கும் தொடர்பு எண்களையும் அழித்துவிடுங்கள்.