‘ஒரிஜினல் டிரைவர்’ போட 1,200 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: பட்டுக்கோட்டை அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சிட்டா எடுத்துத் தருவது, விண்ணப்பம் தட்டச்சு செய்வது, ஓய்ந்த நேரத்தில் யூடியூப் பார்ப்பது, இவ்வளவுதான் கணினியில் வேலை. இரண்டாம் தலைமுறை ஐ3 டெஸ்க்டாப், 4 ஜிபி ராம். விண்டோஸ் நகர மறுத்ததால் அக்கா மகன் லினக்ஸ் மின்ட் 22, எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டுக் கொடுத்தான். நன்றாகவே ஓடியது. கிராஃபிக்ஸ் கார்டு போட்டால் பறக்கும் என்று ஒரு கடைக்காரர் சொன்னதால், பழைய ஜிடி 730 (2 ஜிபி, 128 பிட்) வாங்கிப் போட்டேன். பறக்கவில்லை. தெரிந்த பையன் ஒருவன், சிப்பைச் செய்த என்விடியாவின் தளத்திலிருந்து புது டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) இறக்கிப் போட்டதும் திரை கறுத்துவிட்டது. கடைக்காரர் வந்து ஏதோ ஒரு சொல்லைச் சேர்த்துத் திரையை வரவழைத்தார். அன்றிலிருந்து ஜன்னலை நகர்த்தினால் இழுபடுகிறது, வீடியோ திக்குகிறது. 1,200 ரூபாய் கொடுத்தால் ‘ஒரிஜினல் டிரைவர்’ போட்டுத் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் கார்டின் மேல் 128 பிட் என்று எழுதியிருப்பது உண்மையானால், அவர் போட்டுத் தருவதாகச் சொல்லும் டிரைவர் உங்கள் மின்ட் 22இன் மென்பொருள் கிடங்கிலேயே கிடையாது. இல்லாத பொருளுக்கு விலை பேசுகிறார். அவருக்கே அது தெரியாமல் இருக்கவும் வாய்ப்பு உண்டு; அது இன்னும் மோசம்.

முதலில் மந்தத்துக்கு வருவோம். உங்கள் கணினி இப்போது திணறுவதற்கு டிரைவர் இல்லாதது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, கடைக்காரர் சேர்த்த அந்த ஒற்றைச் சொல். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அது ‘நோமோட்செட்’ ஆகத்தான் இருக்கும். கணினி எழும்போது கர்னலுக்கு, அதாவது லினக்ஸின் மையக் கருவுக்கு, இடும் கட்டளை அது: ‘எந்த கிராஃபிக்ஸ் டிரைவரையும் எழுப்பாதே, கிடைத்ததை வைத்துத் திரையில் படத்தை மட்டும் காட்டு.’ கறுத்த திரையில் படம் வரவழைக்க இது நல்ல வழிதான், ஒரு தடவைக்கு. கால் சுளுக்கியவருக்கு ஊன்றுகோல் கொடுப்பது போல. கொடுத்தவர் சுளுக்கை எடுக்காமலே போய்விட்டார். அந்தச் சொல் இருக்கும்வரை திரையில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் உங்கள் ஐ3தான் கையால் வரைகிறது. கார்டு மின்விசிறியைச் சுற்றிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே பார்க்கலாம். மெனுவில் ‘சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதைத் திறந்து ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ பகுதிக்குப் போங்கள். நீளமான பட்டியல் வரும். ‘கிராஃபிக்ஸ்’ என்ற தலைப்பை மட்டும் பாருங்கள். அங்கே ‘ரெண்டரர்’ என்பதற்கு எதிரே எல்எல்விஎம்பைப் என்று இருந்தால், நான் சொன்னது சரி. கிராஃபிக்ஸ் வேலையைப் பிராசஸரே செய்கிறது என்பதற்கு அடையாளமான பெயர் அது.

அதே இடத்தில், ‘டிவைஸ்’ என்பதற்கு எதிரே உங்கள் கார்டின் பெயர் இருக்கும். அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜிடி 730 என்பதற்கு முன்னால் சில எழுத்துகளும் எண்களும் நிற்கும். அது ஜிகே208 என்று தொடங்குகிறதா, ஜிஎஃப்108 என்றா? எல்லாம் இதில்தான் இருக்கிறது, எனவே இதை மட்டும் விரித்துச் சொல்லிவிடுகிறேன்.

ஜிடி 730 என்பது ஒரு கார்டு அல்ல. ஒரே பெயரில், ஒரே மாதிரி அட்டைப்பெட்டியில், இரண்டு வேறு சிப்புகளை 2014இல் விற்றார்கள். ஒன்று கெப்ளர் தலைமுறை, அதுதான் ஜிகே208: 384 கோர்கள் (கணக்குப் போடும் அலகுகள்), 64 பிட் நினைவகப் பாதை. மற்றொன்று அதற்கும் முந்தைய ஃபெர்மி தலைமுறை: 96 கோர்கள், 128 பிட் பாதை. ஃபெர்மி சிப் புதிதும் அல்ல. 2010இல் ஜிடி 430 என்ற பெயரில் வந்த அதே ஜிஎஃப்108. நடுவில் ஜிடி 630 என்ற பெயரிலும் வந்துபோனது. பெயரை மாற்றி மாற்றி விற்ற சிப். கடையில் நிற்பவர் என்ன செய்வார்? 64, 128 இரண்டையும் பார்ப்பார், பெரிய எண் உயர்ந்தது என்று எடுத்துக்கொள்வார். விற்பவரும் ‘இது 128 பிட் சார், ஹெவி கார்டு’ என்பார். இந்த ஒரு இடத்தில் மட்டும் பெரிய எண்தான் பழைய சரக்கு.

இது ஏன் லினக்ஸில் தலைவலி என்றால், என்விடியா தன் டிரைவர்களைச் சிப்பின் தலைமுறை பார்த்துத்தான் பிரித்து வைத்திருக்கிறது, பெட்டியில் உள்ள பெயரைப் பார்த்து அல்ல. கெப்ளருக்குக் கடைசி வரிசை 470. அதற்கும் 2024இல் கதவைச் சாத்திவிட்டார்கள், என்றாலும் மின்ட் 22இன் கிடங்கில் அது இருக்கிறது. ஃபெர்மிக்குக் கடைசி வரிசை 390. அதற்கு 2022 முடிவிலேயே மூடுவிழா நடந்துவிட்டது. மின்ட் 21இன் கிடங்கில் 390 இருந்தது. மின்ட் 22இல் இல்லை, புதிய கர்னலோடு அது ஒட்டுவதும் இல்லை. யாராவது ஒட்டு போட்டுத் தைத்துக் கொடுத்தாலும், அடுத்த கர்னல் புதுப்பிப்பு வரும் நாளில் கடை திறந்தவுடன் மறுபடி கறுப்புத் திரைதான். அந்தப் பையன் இறக்கிப் போட்டது தளத்தில் முதலில் கண்ணில் பட்ட புத்தம் புது டிரைவராக இருக்கும். அதற்கு ஃபெர்மியும் தெரியாது, கெப்ளரும் தெரியாது. தனக்குத் தெரியாத கார்டுக்காக, அதுவரை ஒழுங்காக வேலை பார்த்துக்கொண்டிருந்த நூவோ டிரைவரைத் தடைசெய்துவிட்டு உட்கார்ந்துகொண்டது.

நூவோ பற்றி ஒரு வார்த்தை. என்விடியா தன் சிப்புகளின் ரகசியத்தைச் சொல்லாத காலத்தில், வெளியிலிருந்தவர்கள் தட்டித் தடவிப் பார்த்தே எழுதிய டிரைவர் அது. 2010 முதல் கர்னலிலேயே இருக்கிறது. கார்டை அது முழு வேகத்தில் ஓட்டாது. உங்கள் சிப்பில் தொடக்க வேகத்திலேயே வைத்துக்கொண்டிருக்கும். பட்டா எடுக்க அது தாராளம். லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2012இல் பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக மேடையில் என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டினார் என்றால், சும்மா அல்ல. பத்து வருடம் கழித்து, 2022இல், தங்கள் டிரைவரின் கர்னல் பகுதியின் மூல நிரலைத் திறந்துவிட்டோம் என்று அறிவித்தார்கள். எந்தக் கார்டுகளுக்கு? டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தையவற்றுக்கும் மட்டும். பழைய கார்டு வைத்திருப்பவர்தான் இலகுவான லினக்ஸைத் தேடி வருகிறார். அவருக்கு அதில் ஒன்றுமில்லை.

சரி, என்ன செய்யலாம்? என் ஆலோசனை உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கார்டைக் கழற்றிவிடுங்கள்.

உங்கள் ஐ3க்குள்ளேயே இன்டெல் கிராஃபிக்ஸ் இருக்கிறது. கார்டு வாங்குவதற்கு முன் ‘நன்றாகவே ஓடியது’ என்று எழுதியிருக்கிறீர்களே, அது அதன் வேலைதான். இன்டெலுக்கும் ஏஎம்டிக்கும் லினக்ஸில் தனியாக டிரைவர் தேட வேண்டியதில்லை, கர்னலோடும் மீசா என்ற கிராஃபிக்ஸ் மென்பொருள் தொகுப்போடும் வந்துவிடும். இன்டெல் கணினிக்கு ‘லினக்ஸ் டிரைவர் இன்ஸ்டலேஷன்’ என்று தனியாக ரசீது போட்ட கடையை நான் பார்த்திருக்கிறேன். சமைத்த சோற்றை மறுபடி உலை வைத்துத் தருவதற்குக் கூலி.

கழற்றுவதற்கு முன் இரண்டு வேலை. உங்கள் அக்கா மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், இதை அவன் தலையில் கட்டலாம். முதலாவது, தளத்திலிருந்து இறக்கிப் போட்ட டிரைவரை நீக்குவது. டெர்மினலைத் திறந்து சூடோ என்று அடித்து, இடைவெளி விட்டு, என்விடியா, சிறுகோடு, அன்இன்ஸ்டால் என்று சேர்த்து அடிக்கச் சொல்லுங்கள்; எல்லாம் ஆங்கிலச் சிறிய எழுத்தில். எக்ஸ் என்ற திரை மென்பொருளின் பழைய அமைப்புக் கோப்பைத் திரும்ப வைக்கட்டுமா என்று கேட்டால் ஆம் என்று சொல்லுங்கள். இதைச் செய்யாமல் வேறு எந்த டிரைவரை மேலே போட்டாலும், ஒரே உறையில் இரண்டு கத்தி.

இரண்டாவது, நோமோட்செட்டை எடுப்பது. இதை மறந்துவிட்டுக் கார்டை மட்டும் கழற்றினால் பயனில்லை. அந்தச் சொல் இன்டெலையும் சேர்த்தே கட்டிப்போடும். ஈடிசி என்ற கோப்புறைக்குள் டிஃபால்ட், அதற்குள் கிரப் என்ற கோப்பு. அதில் ‘கொயட் ஸ்பிளாஷ்’ என்று இரண்டு சொற்கள் மேற்கோள் குறிக்குள் இருக்கும் வரியில் இதுவும் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொல்லை மட்டும் எடுங்கள், மேற்கோள் குறி இரண்டும் அப்படியே இருக்கட்டும். சேமித்துவிட்டு சூடோ, இடைவெளி, அப்டேட், சிறுகோடு, கிரப் என்று அடித்தால்தான் மாற்றம் ஏறும். பாதிப் பேர் கோப்பைத் திருத்திவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்; பிறகு ‘எடுத்தும் போகவில்லை’ என்று எனக்குக் கடிதம் வருகிறது.

பிறகு கணினியை அணைத்து, மின்வயரைப் பிடுங்கி, கார்டை எடுங்கள். ஸ்லாட்டின் ஓரத்தில் ஒரு சிறு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், அதை அழுத்திக்கொண்டுதான் தூக்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் கொக்கி உடைந்து கையோடு வரும். மானிட்டர் வயரை மதர்போர்டின் சொந்தத் துளையில் செருகுங்கள். மறுபடி சிஸ்டம் ரிப்போர்ட்ஸைப் பார்த்தால் எல்எல்விஎம்பைப் போய், மீசா இன்டெல் என்று வந்திருக்கும்.

ஸ்டிக்கர் பொய் சொல்லி, உள்ளே ஜிகே208 இருந்தால்? அப்போது கார்டை வைத்துக்கொள்ளலாம். அந்த இரண்டு வேலைகளை முடித்துவிட்டு மெனுவில் ‘டிரைவர் மேனேஜர்’ திறந்து 470 என்பதைத் தேர்ந்தெடுத்து, கணினியை மறுபடி தொடங்குங்கள். காசு செலவு கிடையாது, இணையம் போதும். கர்னல் 6.8 வரிசையிலேயே இருங்கள்; அப்டேட் மேனேஜர் புதிய வரிசையைக் காட்டினால் ஆசைப்படாதீர்கள். திரை நடுவே கோடு கிழித்தாற்போல் வெட்டினால், என்விடியா செட்டிங்ஸில் ‘ஃபோர்ஸ் ஃபுல் காம்போசிஷன் பைப்லைன்’ என்ற பெட்டியில் டிக் செய்யுங்கள். இரண்டு கிராஃபிக்ஸ் உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு எதையும் தொட வேண்டாம், அது வேறு கதை.

யூடியூப் அதன் பிறகும் திக்கலாம், அதைக் கார்டின் தலையில் போடாதீர்கள். யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற சுருக்க முறைகளில் படத்தை அனுப்புகிறது. யூடியூப் அனுப்பும் முறைகளில், உங்கள் காலத்து இன்டெலுக்குப் பழைய எச்.264 மட்டும்தான் சிப்பிலேயே பிரிக்கத் தெரியும். எச்264ஐஃபை என்ற சிறு நீட்சியை பயர்பாக்ஸில் சேர்த்தால், பழைய முறையிலேயே படத்தைக் கேட்டு வாங்கும். 720பியில் பாருங்கள். கல்யாண வீடியோவைப் பெரிய திரையில் பார்க்கப் போவதில்லையே.

கார்டை விற்றவர் ‘2 ஜிபி கூடுதல், கணினி வேகமாகும்’ என்றும் சொல்லியிருப்பார். கார்டில் உள்ள நினைவகம் கணினியின் ராமோடு சேராது. 1,200 ரூபாய் கையில் இருந்தால் இன்னொரு 4 ஜிபி டிடிஆர்3 ராமுக்கோ சிறிய எஸ்எஸ்டிக்கோ போகட்டும். கார்டைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது அவர் பெட்டிக்கடியிலிருந்து ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ ஒன்றை எடுத்து, பழசுக்கு மாற்றாக மேலே கொஞ்சம் கேட்டாலும் கேட்பார். அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பழைய மானிட்டருக்கான நீலநிற விஜிஏ துளை இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். உண்மையான 1050 டிஐயின் சிப்பில் அனலாக் வெளியீடே கிடையாது. பழைய ஃபெர்மி கார்டுக்குள் பொய்ப் பெயரை எழுதி விற்கும் வியாபாரம் பல ஆண்டுகளாக நடக்கிறது. நீங்கள் ஒரு ஃபெர்மியிலிருந்து தப்பி இன்னொரு ஃபெர்மியை வீட்டுக்குக் கூட்டிவருவீர்கள்.

இன்னொன்று. கார்டு இருந்த இடத்தில் கேபினட்டின் பின்பக்கம் ஒரு நீளத் துவாரம் திறந்து கிடக்கும். முன்பு அதை மூடியிருந்த தகரப் பட்டையைக் கடைக்காரர் தூக்கி எறிந்திருந்தால், தடித்த அட்டையை வெட்டி ஒட்டிவிடுங்கள். ஜெராக்ஸ் கடையின் வெதுவெதுப்புக்குப் பல்லி வரும். பவர் சப்ளைக்குள் போய்ச் செத்த பல்லியை நான் இரண்டு முறை எடுத்திருக்கிறேன்.