காசிமேட்டுக்காரருக்கு ஹோமர் எதற்கு?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டத்தில் இந்த ஆண்டு ஹோமரின் கிரேக்கக் காப்பியமான ‘ஒடிசி’யைப் படிக்கலாம் என்றேன். ‘சங்க இலக்கியத்தையே இன்னும் முடிக்கவில்லை, காசிமேட்டுக்காரனுக்குக் கிரேக்கம் எதற்கு?’ என்று என் வாயை அடைத்துவிட்டார்கள். என்ன பதில் சொல்வது?
– ஒரு வாசகர், காசிமேடு

பதில்: சங்க இலக்கியத்தை எந்தப் பாட்டு வரை முடித்திருக்கிறீர்கள் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும். சங்கப் பாடல்களை வாய்மொழி மரபில் வைத்துப் பார்க்கலாம் என்று வாதிட்ட ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி, பர்மிங்ஹாமில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனிடம் ஆய்வு செய்தவர். ஹோமரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் புறநானூற்றைப் படித்தார். அந்த ஆய்வு 1968இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. கிரேக்கத்தால் அவருடைய தமிழ் ஒன்றும் தேய்ந்துபோகவில்லை.

‘காசிமேட்டுக்காரனுக்கு எதற்கு’ என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது. ஐந்தாம் காண்டத்தில் காப்பிய நாயகன் ஒடிசியஸ், ஊர் திரும்புவதற்காக 20 மரங்களை வெட்டிச் சாய்த்து, செதுக்கி, துளைபோட்டு, மர ஆணியால் இணைத்து, பாய்மரம் நட்டு நான்கே நாளில் மிதவையைக் கட்டி முடிக்கிறான். பேராசிரியர்கள் இந்த வரிகளை வேகமாகக் கடந்துவிடுவார்கள். கட்டுமரம் கட்டும் கைகளைப் பார்த்து வளர்ந்தவர் அங்கேதான் நிற்பார்: கயிற்றால் கட்டாமல் ஆணியடித்தால் அலைக்குத் தாங்குமா? (தாங்கவில்லை. கடல் தெய்வம் பொசைடன் அதைச் சிதறடித்துவிடுகிறான்.) பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வருபவருக்கு ஆறாம் காண்டம் இருக்கிறது. அரசகுமாரி நௌசிகா தோழிகளோடு ஆற்றுக்குப் போய், அழுக்குத் துணிகளை மிதித்துத் துவைத்து, கரையில் கூழாங்கற்கள் மேல் காயப்போடுகிறாள்.

அதற்காக ‘அட, நம்மைப் போலவே!’ என்று மகிழ்ந்து புத்தகத்தை மூடிவிடாதீர்கள். ‘ஹோமர் கிரேக்க நாட்டுக் கம்பர்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் பலர் இருவரையும் படித்தவர்கள் அல்ல. வந்தவருக்கு முதலில் சாப்பாடு, பிறகுதான் ஊர் பேர் விசாரிப்பு என்ற வழக்கம் ஒடிசியிலும் உண்டு. ஆனால் தன் வீட்டில் உட்கார்ந்து தின்று தீர்த்த, தன் மனைவியை மணக்க வந்த 108 பேரையும் ஒடிசியஸ் மகனோடு சேர்ந்து கொன்று குவிக்கிறான். அவர்களோடு படுத்த பணிப்பெண்கள் 12 பேரை மகன் தூக்கில் தொங்கவிடுகிறான். திருக்குறளின் விருந்தோம்பல் அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு இதை எப்படிப் படிப்பது? உங்கள் வட்டத்தில் சண்டை மூள வேண்டியது இந்த இடத்தில்தான்.

முதல் நான்கு காண்டங்களில் ஒடிசியஸ் தலைகாட்டுவதே இல்லை. புதிதாகப் படிக்கிறவர்கள் அங்கேயே கலைந்துபோவார்கள். நீங்கள் ஐந்திலிருந்து தொடங்குங்கள். விட்டதைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.