கழற்றி மாற்றும் பேட்டரியா, உள்ளேயே அடைத்த பேட்டரியா? கேம் கன்ட்ரோலர் வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகனுக்குக் கணினியில் விளையாட ஒரு கன்ட்ரோலர் வாங்கித் தர வேண்டும். கடையில் இரண்டைக் காட்டினார்கள். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு இரண்டு பென்சில் செல் போட வேண்டுமாம். பிளேஸ்டேஷனின் டூயல்சென்ஸில் பேட்டரி உள்ளேயே இருக்கிறதாம், செல்போனைப் போல சார்ஜ் போட்டால் போதுமாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிவிட்டு, அதற்குமேல் செல்லும் வாங்கிப் போட்டுக்கொண்டே இருப்பதா? பேட்டரி உள்ளேயே இருப்பதை வாங்குவதுதானே சரி? (தாம்பரம் வாசகி)

பதில்: வாங்கிய முதல் மாதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் நீங்கள் நினைப்பது சரிதான். நான்காம் ஆண்டை வைத்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடுகிறது. கன்ட்ரோலர் நான்காம் ஆண்டிலும் கையில் இருக்க வேண்டிய பொருள் என்பதால், பொதுவாக நான் செல் போடும் வகையின் பக்கமே நிற்கிறேன். காரணத்தைச் சொல்கிறேன்.

உள்ளே அடைத்து வரும் பேட்டரி லித்தியம் அயான் வகையைச் சேர்ந்தது. அது சார்ஜ் ஏற ஏறத் தேய்கிறது; பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் ஆண்டுகள் போகப் போகத் தேய்கிறது; வெயிலும் வெப்பமும் அந்தத் தேய்மானத்தை விரைவுபடுத்துகின்றன. டூயல்சென்ஸில் இருப்பது 1560 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் மணி, பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) பேட்டரி. அதிர்வு, அழுத்தும் விரலுக்கு விசை காட்டும் எதிர்ப்பு, விளக்கு, ஸ்பீக்கர் என்று மின்சாரம் தின்னும் உறுப்புகள் அதில் பல உள்ளதால், புதிதாக இருக்கும்போதே விளையாட்டைப் பொறுத்து ஐந்து மணி நேரத்தில் தீரும், அல்லது பத்து மணி நேரத்துக்குச் சற்று மேலே போகும். உங்கள் மகன் நாளுக்கு மூன்று மணி நேரம் விளையாடினால், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டிவரும். ஆண்டுக்கு நூற்றைம்பது முறை என்று வைத்துக்கொள்ளலாம். இவ்வகைப் பேட்டரிகள் முழு அளவில் ஐந்நூறு முறை ஏறி இறங்கிய பிறகு தங்கள் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழந்திருப்பது வழக்கம். அப்படியானால் நான்காம் ஆண்டில், பொத்தான்களும் உடலும் நன்றாக இருக்க, பேட்டரி மட்டும் தளர்ந்துபோகும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்ட்ரோலரில் அப்படித் தளர்வது செல் மட்டுமே. இரண்டு டபுள் ஏ செல்களுக்கு (நீங்கள் சொன்ன பென்சில் செல்தான்) நாற்பது மணி நேரம் வரை என்று கன்ட்ரோலரைத் தயாரிக்கும் மைக்ரோசாஃப்ட் சொல்கிறது. ஆனால் கடையில் கிடைக்கும் அல்கலைன் செல்லை வாங்கி வாங்கிப் போட்டால், மேலே சொன்ன மூன்று மணி நேரக் கணக்கின்படி ஆண்டுக்கு இருபத்தேழு ஜோடி தீர்ந்துபோகும்; அது வீண் செலவு, குப்பையும்கூட. உங்களுக்கு எழுந்த சலிப்பு இந்தச் செலவைப் பற்றியதுதான் என்று நினைக்கிறேன், அது நியாயமானது. தீர்வு, சார்ஜ் செய்யத்தக்க நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நான்கும், ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கவனித்து நிறுத்தும் ஒரு நல்ல சார்ஜரும் வாங்குவது. இரண்டு கன்ட்ரோலரில் இருக்கும், இரண்டு மேசையில் தயாராக இருக்கும். பாதி ஆட்டத்தில் செல் தீர்ந்தால் மூடியைத் தள்ளி மாற்றுவதற்கு அரை நிமிடம் போதும். கேபிள் நீளம் போதவில்லை என்று திரைக்கு அருகே தரையில் உட்கார வேண்டிய நிலை வராது.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். அந்தக் கன்ட்ரோலரில் யூஎஸ்பி-சி துளை இருப்பதால், கேபிளைச் செருகினால் உள்ளே உள்ள செல்லும் சார்ஜ் ஆகிவிடும் என்று பலர் நம்பி வாங்குகிறார்கள். ஆகாது. மைக்ரோசாஃப்ட் தனியே விற்கும் பேட்டரிப் பொதியைப் போட்டால்தான் அந்தக் கேபிள் வழியாகச் சார்ஜ் ஏறும்; மற்றபடி கேபிள் கன்ட்ரோலரை இயக்கும், அவ்வளவே. ஆகவே விலையை ஒப்பிடும்போது செல்லின் விலையையும் சார்ஜரின் விலையையும் எக்ஸ்பாக்ஸ் பக்கம் கூட்டிய பிறகே ஒப்பிட வேண்டும்.

டூயல்சென்ஸுக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கணினியில் அதன் விசை எதிர்ப்பும் நுண்ணதிர்வும் பல விளையாட்டுகளில் கேபிள் மூலம் இணைத்தால்தான் முழுமையாக வேலை செய்யும். உங்கள் மகன் அந்த அனுபவத்துக்காகவே அதைக் கேட்கிறார் என்றால், அவர் பெரும்பாலும் கேபிளோடுதான் விளையாடப்போகிறார். அப்போது பேட்டரி பற்றிய கவலை பாதியாகக் குறைந்துவிடுகிறது. வாங்குவதற்கு முன் இதை அவரிடமே கேட்டுவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 8பிட்டூ நிறுவனத்தின் புரோ 2 கன்ட்ரோலரில் 1000 எம்ஏஎச் பேட்டரி சார்ஜ் வசதியோடு வருகிறது. அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இரண்டு டபுள் ஏ செல்களையும் போடலாம். எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யவும் முடியாது: செல் போடும் வகையை விற்கும் அதே மைக்ரோசாஃப்ட், 2019-இல் வெளியிட்ட விலை உயர்ந்த எலீட் சீரிஸ் 2-இல் பேட்டரியை உள்ளே வைத்து மூடிவிட்டது.

கேள்வி: சார்ஜ் செய்யும் செல்லில் 1.2 வோல்ட் என்று இருக்கிறது, சாதாரண செல்லில் 1.5 வோல்ட். கன்ட்ரோலர் ஒழுங்காக ஓடுமா? இணையத்தில் 1.5 வோல்ட் கொண்ட லித்தியம் டபுள் ஏ செல் ‘2600’ என்ற எண்ணோடு விற்கிறார்கள். 2000 என்று போட்டிருப்பதைவிட அது மேலானதுதானே? (கோவை வாசகர்)

பதில்: நன்றாக ஓடும். அல்கலைன் செல் 1.5 வோல்ட்டில் தொடங்கி, பயன்படுத்தப் பயன்படுத்தச் சீராக இறங்கி, பாதி ஆயுளில் அதுவும் 1.2 வோல்ட்டுக்கு வந்துவிடுகிறது. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல்லோ ஏறத்தாழ 1.2-இலேயே நெடுநேரம் நின்று கடைசியில் சட்டென்று விழுகிறது. இதனால் திரையில் காட்டும் பேட்டரி அளவு கொஞ்சம் தவறாக இருக்கலாம். விளையாட்டுக்கு அதனால் பாதிப்பில்லை.

எண்ணைப் பற்றிய கேள்விதான் முக்கியமானது, ஏனெனில் இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். லித்தியம் டபுள் ஏ செல்லின் மேல் உள்ள 2600-க்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன அலகு இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது எம்ஏஎச் அல்ல, எம்டபிள்யூஎச், அதாவது மில்லிவாட் மணி. 2600-ஐ 1.5-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 1730 எம்ஏஎச். மறுபுறம், 2000 எம்ஏஎச் நிக்கல் செல்லை 1.2-ஆல் பெருக்கினால் 2400 எம்டபிள்யூஎச். ஒரே அலகுக்குக் கொண்டுவந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பத்தில் ஒரு பங்குகூட இல்லை. நிக்கல் செல்லிலேயே 3500, 4000 எம்ஏஎச் என்று அச்சிட்டிருந்தால் அதை வாங்கவே வேண்டாம். டபுள் ஏ அளவில் நிக்கல் செல் 2800-ஐத் தாண்டுவதில்லை.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்று உள்ளது. 14500 என்ற பெயரில் விற்கும் 3.7 வோல்ட் லித்தியம் செல், தோற்றத்திலும் அளவிலும் டபுள் ஏ செல்லைப் போலவே இருக்கும், கன்ட்ரோலருக்குள் சரியாகப் பொருந்தவும் செய்யும். முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட். இரண்டைப் போட்டால், 3 வோல்ட்டுக்காகச் செய்த பொருளுக்குள் 8.4 வோல்ட் பாயும். தயவுசெய்து அதைப் போடாதீர்கள்.

இரண்டு செல்லையும் எப்போதும் ஒரே ஜோடியாக வைத்திருங்கள். நான் மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரே எழுத்தைக் குறித்துவைக்கிறேன். புதியதும் பழையதும் சேர்ந்தால் பலவீனமானது முதலில் வற்றி, மற்றது அதன் மின்முனைகளைத் தலைகீழாக்கிக் கெடுத்துவிடும்.

கேள்வி: என்னிடம் உள்ள டூயல்ஷாக் 4 (பிளேஸ்டேஷன் 4-இன் கன்ட்ரோலர்) இப்போது ஒரு மணி நேரம்கூட நிற்பதில்லை. கடையில் கேட்டால், இதெல்லாம் மாற்ற முடியாது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். உண்மையா? (திருச்சி வாசகர்)

பதில்: உண்மையல்ல. இப்படிச் சொல்லி நல்ல கன்ட்ரோலரைத் தூக்கிப்போட வைப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. முதலில் வேறொரு கேபிளிலும் வேறொரு சார்ஜரிலும் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். பழைய மைக்ரோ யூஎஸ்பி துளை தளர்ந்துபோனதையும் பேட்டரிக் கோளாறு என்று நினைத்துவிடுவது உண்டு. அதற்குப் பிறகும் நிற்கவில்லை என்றால் பேட்டரிதான்.

சென்னை ரிச்சி தெருவில் ஒருவர் இதே கன்ட்ரோலரின் பேட்டரியை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பின்புறம் நான்கு திருகாணிகள். அவற்றைக் கழற்றிவிட்டு, கைப்பிடியின் ஓரத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை நுழைத்து, இரண்டு ஓடுகளையும் அவசரமில்லாமல் பிரித்தார். பிரிந்தவுடன் முழுதாகத் திறந்துவிடவில்லை. உள்ளே இரண்டு பாதிகளையும் இணைக்கும் ஒரு மெல்லிய நாடாக் கேபிள் இருப்பதால், அதை முதலில் நேராக இழுத்து எடுத்தார். நாம் செய்தால் கிழித்துவிடும் இடம் அதுதான். நடுவில் இருந்த பேட்டரியில் பற்றாசு (சால்டரிங்) எதுவும் இல்லை, வெறும் செருகிதான். பழையதைப் பிடுங்கி, புதியதைச் செருகி, திருகாணிகளை முடுக்கி முடிக்கப் பத்து நிமிடம்தான் ஆனது. டூயல்சென்ஸிலும் பேட்டரி செருகியோடுதான் இருக்கிறது. ஆனால் கறுப்புச் சட்டத்தையும் மேல் விசை மூடிகள் இரண்டையும் நெம்பி எடுக்க வேண்டியிருப்பதால், பழக்கமில்லாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. இரண்டுமே உத்தரவாதக் காலம் முடிந்த பிறகு செய்ய வேண்டியவை.

மாற்றுப் பேட்டரி வாங்கும்போது, அதன் மேல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) குறியும், ஐஎஸ் 16046 என்ற தர எண்ணும், ‘ஆர்’ எனத் தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளனவா என்று பாருங்கள். அந்தப் பதிவு எண்ணை பிஐஎஸ் கேர் செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம். டூயல்ஷாக் 4-இன் பேட்டரி 1000 எம்ஏஎச். அதே அளவுள்ள உறைக்குள் 2000 என்று அச்சிட்டு யாராவது நீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

இங்கே நின்டெண்டோவைப் பாராட்டியாக வேண்டும். 2017-இல் வந்த ஸ்விட்ச் புரோ கன்ட்ரோலரில் இருப்பதும், 2011-இல் வந்த 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் இருந்ததும் ஒரே சிடிஆர்-003 பேட்டரிதான். 1300 எம்ஏஎச், ஒயரே இல்லாமல் உள்ளே பொருந்தும். பேட்டரி உள்ளேயே இருக்கிறது என்பதால் ஒரு பொருள் கெட்டதாகிவிடாது. அதை வெளியே எடுக்க முடியுமா, ஐந்து ஆண்டு கழித்து அதே பேட்டரி சந்தையில் இருக்குமா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

கேள்வி: ஓராண்டாக எடுக்காமல் வைத்திருந்த கன்ட்ரோலரைத் திறந்தால் செல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்திருக்கிறது. போயிற்றா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். அல்கலைன் செல்லிலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றுப் பட்டுப் பூத்தது அது, வெறுங்கையால் தொடாதீர்கள். செல்லை எடுத்துவிட்டு, எலுமிச்சைச் சாறோ வினிகரோ நனைத்த பஞ்சுக் குச்சியால் உலோகத் தொடுமுனைகளைத் தேய்த்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, ஒரு நாள் முழுதும் உலரவிடுங்கள். செல் போடும் வகைக்கு உள்ள உண்மையான குறை இதுதான், அதை மறைக்க விரும்பவில்லை. நீண்ட நாள் எடுக்கப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே பேட்டரி உள்ள வகையைப் பாதிச் சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள். அதன் ஓடு சற்றே பிரிந்து, உள்ளிருந்து எதோ உப்பித் தள்ளுவது போலத் தெரிந்தால் சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்திவிடுங்கள். அழுத்தி மூடவும் முயல வேண்டாம்.

கேள்வி: 2027 முதல் எல்லாக் கருவிகளிலும் பேட்டரியை நாமே மாற்றும்படி சட்டம் வருகிறதாமே. அதுவரை காத்திருக்கலாமா? (மதுரை வாசகர்)

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். 2023-இல் இயற்றிய பேட்டரி ஒழுங்குமுறையின்படி, சில விலக்குகள் நீங்கலாக, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கே விற்கும் கருவிகளில் உள்ள சிறு பேட்டரிகளைப் பயனாளரே சாதாரணக் கருவிகளைக் கொண்டு கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும். மாற்றுப் பேட்டரியும் அந்த மாடலின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்ததிலிருந்து குறைந்தது ஐந்து ஆண்டு கிடைக்க வேண்டும். நம் நாட்டின் 2022-ஆம் ஆண்டு பேட்டரிக் கழிவு விதிகள், தீர்ந்த பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றனவே தவிர, கழற்றும்படி செய்யச் சொல்லவில்லை. ஒரே பொருளை இரு வடிவில் தயாரிப்பது செலவு என்பதால் ஐரோப்பாவுக்கான மாற்றம் இங்கும் வந்து சேரும் என்று நம்புகிறேன். ஆனாலும் பழைய வடிவில் செய்தவை கடை அலமாரியில் நெடுநாள் இருக்கும். இப்போது தேவை என்றால் இப்போதே வாங்குங்கள். வாங்கும்போது பேட்டரிக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்பதைத் தனியே கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலத்துக்குள் பேட்டரி தளர்ந்து, மாற்றித் தர மறுத்தால், அந்தப் பில்லோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்யலாம்.