கணினி கேள்வி–பதில்: சின்ன அறையில் முதல் வாட்டர் கூலிங்

கேள்வி: வணக்கம் ஐயா. தேசிய சேவை முடித்து ஆறு மாதம் ஆகிறது. சேர்த்து வைத்த காசில் முதல்முறையாக நானே ஒரு கணினி கட்டப்போகிறேன். ரைசன் 7 7800எக்ஸ்3டி சிபியு, ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கிய ஆர்டிஎக்ஸ் 4080 கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டையும் ஒரே லூப்பில் தண்ணீரால் குளிரவைக்க ஆசை. அதற்கு மட்டும் 1,000 வெள்ளி ஒதுக்கியிருக்கிறேன். எங்களுடையது நாலறை வீவக வீடு. என் அறை சின்னது. பகலில் மின்விசிறி, இரவில்தான் ஏர்கான். எங்கிருந்து தொடங்குவது? கெட்டிக் குழாயை வளைத்துப் போடலாமா? *(வாசகர், ஈசூன்)*

பதில்: தம்பி, சாமான் வாங்குவதற்கு முன் உங்கள் அறையைக் கொஞ்சம் யோசிப்போம்.

தண்ணீர் சூட்டை விழுங்கிவிடாது. லூப் என்ற குழாய்ச் சுற்றில் ஓடி, சிபியுவிலும் கார்டிலும் எழும் சூட்டைச் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கும், அவ்வளவுதான். அங்கிருந்து ஃபேன் அதை உங்கள் அறைக்குள்தான் தள்ளும். 4080 கார்டுக்கு 320 வாட் என்பது கணக்கு. உங்கள் சிபியு விளையாட்டின்போது பெரும்பாலும் 100 வாட்டுக்குள் நிற்கும். மொத்தம் 400 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பு சுமார் 100 வாட் சூடு விடும். அப்படியென்றால் நீங்கள் விளையாட உட்காரும்போதெல்லாம் அறையில் இன்னும் நாலு பேர் உட்கார்ந்திருக்கிற மாதிரி. படுக்கையறைகளில் சாதாரணமாக மாட்டும் 9,000 பிடியு ஏர்கானின் திறனில் ஏறக்குறைய 15 விழுக்காடு இதற்கே போய்விடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. ரேடியேட்டரால் தண்ணீரை அறைக்காற்றைவிடக் குளிராக்க முடியாது. நன்றாகக் கட்டிய லூப்பில் தண்ணீர் அறையைவிட 10 டிகிரி அளவில் கூடுதலாக நிற்கும். பிற்பகலில் உங்கள் அறை 31 டிகிரி என்றால் தண்ணீர் 41. இரவில் ஏர்கானை 25-இல் வைத்தால் தண்ணீர் 35. வெளிநாட்டுக்காரர்கள் 21 டிகிரி அறையில் சோதித்துப் போடும் பட்டியலைப் பார்த்து, ‘எனக்கு மட்டும் ஏன் சிபியு 10 டிகிரி கூடுதலாகக் காட்டுகிறது’ என்று எனக்கு எழுதுபவர்கள் நிறையப் பேர். அவர்கள் லூப்பில் குறை ஒன்றும் இல்லை. அறையின் வித்தியாசம் அப்படியே சிபியுவில் தெரிகிறது.

அதனால்தான் இங்கே ரேடியேட்டரில் கஞ்சத்தனம் கூடாது என்கிறேன். 120 மி.மீ. ஃபேன் ஒன்றுக்கு 100 வாட் என்பது நான் வைத்திருக்கும் கணக்கு. உங்கள் 400 வாட்டுக்கு நாலு ஃபேன் இடம் போதும், ஆனால் மூன்று ஃபேன் பிடிக்கும் 360 மி.மீ. ரேடியேட்டர் ஒன்றும் இரண்டு பிடிக்கும் 240 ஒன்றுமாக ஐந்து இடம் போடுங்கள். ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும், சத்தமும் இருக்காது.

360 என்ற பெயரை நம்பி கேஸ் வாங்கிவிடாதீர்கள். இரண்டு முனையிலும் உள்ள சின்னத் தொட்டிகளோடு சேர்த்தால் அந்த ரேடியேட்டர் 40 செ.மீ. நீளத்துக்குப் பக்கத்தில் வரும். தடிமன் 30 மி.மீ., அதன்மேல் ஃபேன் 25 மி.மீ., ஆக 55. அட்டைப்பெட்டியை வெட்டி அதே அளவில் ஒரு கட்டை செய்துகொள்ளுங்கள். கேஸின் மேலே ஒட்டிப் பாருங்கள், முன்பக்கம் வைத்துப் பாருங்கள். மேலே ரேம் இடிக்கிறதா, முன்னால் கார்டின் மூக்கு முட்டுகிறதா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது கார்டுக்கான வாட்டர் பிளாக், அதாவது சிப்பின்மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகக் கட்டி. எல்லா 4080-உம் ஒரே மாதிரி இல்லை. சிப் ஒன்றுதான், ஆனால் அது உட்கார்ந்திருக்கும் பலகை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேயே மாறும். கார்டின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு, பிளாக் செய்பவர்களின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் கார்டு பழையது என்பதால் அந்த பிளாக் இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிளாக் கிடைக்காவிட்டால் சிபியுவை மட்டும் லூப்பில் வைத்து, கார்டை அதன் ஃபேனோடு விட்டுவிடுங்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் வேறு எதையும் வாங்காதீர்கள்.

குழாய்க்கு வருவோம். கெட்டிக் குழாய் பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் முதல் லூப்புக்கு 10/16 மி.மீ. ரப்பர் குழாய் போடுங்கள், அதிலும் இபிடிஎம் என்ற கறுப்பு ரப்பர். கண்ணாடிபோல் தெரியும் மலிவான பிவிசி குழாயிலிருந்து, அதை மென்மையாக்கச் சேர்த்த பொருள் நாளடைவில் தண்ணீரில் கசியும். அது சிபியு பிளாக்கின் முடியளவு இடுக்குகளில் போய்ப் பசைபோல் அடைத்துக்கொள்ளும். கெட்டிக் குழாயில் ஒரு வளைவு 5 மி.மீ. தப்பினாலும் அந்தத் துண்டு குப்பைக்குப் போகும். ரப்பர் குழாயில் அதைக் கொஞ்சம் இழுத்து மாட்டலாம்.

குழாயைச் சாமானோடு இணைக்கும் ஃபிட்டிங்கை எண்ணி வாங்குங்கள். சிபியு பிளாக், கார்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், தொட்டியோடு சேர்ந்த பம்ப் என்று ஐந்து சாமான், ஒவ்வொன்றுக்கும் இரண்டு, ஆக 10. கையிருப்புக்கு 2. இதோடு முடிந்தது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். தண்ணீரை வெளியே எடுக்க ஒரு வழி வேண்டாமா? லூப்பின் ஆகத் தாழ்வான இடத்தில் மூன்று வாய் உள்ள ஒரு டி துண்டு, அதில் ஒரு சின்ன வால்வு, வால்வின் வாயில் ஒரு மூடி. இந்த மூன்றையும் முதல் நாளே போட்டுவிடுங்கள். வால்வு இல்லாமல் கட்டி, பிறகு ஒரு ரேம் துண்டை மாற்றுவதற்காக முழுக் கணினியையும் குளியலறையில் கவிழ்த்தவர்கள் எனக்குத் தெரியும்.

வாங்கும்போது ஓர் எச்சரிக்கை. ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருக்கட்டும். பிளாக் செம்பு அல்லது நிக்கல் பூச்சு. அலுமினியத்தை அந்தப் பக்கமே சேர்க்காதீர்கள். ஒரே தண்ணீரில் செம்பும் அலுமினியமும் இருந்தால் அது ஒரு மின்கலம் மாதிரி வேலை செய்து, அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளை மாவாக உதிரும். தனியாக விற்கும் மலிவு ரேடியேட்டர்களில் இந்த ஆபத்து உண்டு. என்ன உலோகம் என்று எழுதியிருக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ரோச்சோர் எம்ஆர்டியில் இறங்கி சிம் லிம் ஸ்குவேர் போனால் ரேடியேட்டரைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். செம்பில் செய்தது எடை கூடுதலாக இருக்கும், கைக்கே தெரியும். சில ஃபிட்டிங்குகளை வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம். அப்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2023 முதல் 400 வெள்ளிக்குக் குறைந்த பொருளுக்கும் அந்த வரி உண்டு.

லூப்பில் ஊற்றும் கூலண்ட் விஷயத்தில் நிறமற்ற, ஆயத்தமாகக் கலந்த போத்தலே நல்லது. அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து அதிலேயே இருக்கும். பால்போல் தெரியும் நிறக் கூலண்டில் மிதக்கும் துகள்கள் ஒருநாள் அடியில் தங்கிவிடும். குழாய்த் தண்ணீரும் மினரல் வாட்டரும் கூடவே கூடாது. ரேடியேட்டரைக் கழுவ மட்டும் பேரங்காடியில் டிஸ்டில்ட் வாட்டர் வாங்குங்கள். பாதி நிரப்பி, இரு வாயையும் மூடி, நன்றாகக் குலுக்கி வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றுங்கள். தொழிற்சாலையில் பற்றவைத்தபோது உள்ளே தங்கிய கறுப்புத் துகள்கள் முதல் இரண்டு தடவை வரும். துகள் வருவது நிற்கும் வரை கழுவ வேண்டும்.

கட்டும்போது எதை எதோடு இணைப்பது என்ற வரிசைக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு முக்கியத்துவம் இல்லை. தண்ணீர் வேகமாகச் சுற்றுவதால் லூப் முழுவதும் சூடு கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். தொட்டி பம்புக்கு முன்னால், பம்பைவிட உயரத்தில் இருந்தால் போதும்.

இனி நான் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்ளும் ஒரு விஷயம், ஒழுகல் சோதனை.

என் முதல் லூப்பை அங் மோ கியோ வீட்டின் சாப்பாட்டு மேசையில்தான் கட்டினேன். தொட்டி அக்ரிலிக். அடியில் உள்ள ஃபிட்டிங்கைக் கையால் இறுக்கியாகிவிட்டது. மனசு கேட்கவில்லை. ஸ்பேனரை எடுத்து இன்னும் கால் சுற்று திருப்பினேன். ‘டிக்’ என்று மெல்லிய சத்தம். ஃபிட்டிங் உட்கார்ந்துவிட்டது என்று நினைத்தேன். இரவு 11 மணிக்குக் கூலண்ட் ஊற்றி, மதர்போர்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டேன். எல்லா இணைப்புக்கும் கீழே டிஷ்யூ தாள். 1 மணி வரை எல்லாத் தாளும் உலர்ந்தே இருந்தது. 4 மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கார்டின் முதுகில் விரித்திருந்த தாளில் 50 காசு அளவுக்கு ஒரு நீல வட்டம். தொட்டியின் அடியை விரலால் தடவினால் ஈரம். கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். ஃபிட்டிங் ஓட்டைக்குப் பக்கத்தில் தலைமுடி போல் ஒரு விரிசல். அதில் ஒரு சொட்டு திரண்டு விழ நாலு நிமிடம் ஆனது. அரைமணி நேரம் மட்டும் பார்த்துவிட்டுக் கணினியை முடுக்கியிருந்தால் கார்டும் மதர்போர்டும் போயிருக்கும். துடைத்து, இரண்டு நாள் காயவைத்தேன். புதுத் தொட்டி மட்டும் வாங்க வேண்டியிருந்தது.

ஆகவே ஃபிட்டிங்கை விரலால் மட்டும் இறுக்குங்கள். தண்ணீரைத் தடுப்பது அந்தச் சின்ன ஓ-ரிங்தான். அது சமமாக அமுங்கினால் போதும். பவர் சப்ளையின் 24 முனைக் கேபிளை மதர்போர்டில் செருகாமல், மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை முடுக்குவதற்கென்று விற்கும் ஜம்பரை அதில் மாட்டுங்கள். பம்பைத் தவிர வேறு எதற்கும் மின்சாரம் போகக் கூடாது. தொட்டியை நிரப்பி, இரண்டு மூன்று விநாடி ஓடவிட்டு, சுவரில் சுவிட்சை அணைத்து மறுபடி நிரப்புங்கள். தண்ணீர் இல்லாமல் பம்ப் ஓடவே கூடாது. டி5 போன்ற பம்புகளுக்கு உள்ளே ஓடும் நீர்தான் எண்ணெய் மாதிரி. அப்புறம் கேஸை முன்னும் பின்னும் மெல்லச் சாயுங்கள். ரேடியேட்டரில் சிக்கிய காற்று குமிழ் குமிழாகத் தொட்டிக்கு வரும். 24 மணி நேரம் ஓடட்டும். தாள் எல்லாம் உலர்ந்திருந்தால் மதர்போர்டை இணையுங்கள்.

கேள்வி: சிங்கப்பூர் ஈரப்பதத்தில் குழாய் வேர்த்துத் தண்ணீர் சொட்டாதா? ஐஸ் மைலோ கோப்பையைப் பார்த்ததும் இந்தச் சந்தேகம் வந்தது. *(வாசகர், புக்கிட் பாத்தோக்)*

பதில்: நல்ல சந்தேகம். மைலோ கோப்பை வேர்ப்பது அது அறையைவிட மிகக் குளிராக இருப்பதால். லூப்பில் ஓடும் தண்ணீர் எப்போதும் அறையைவிடச் சூடு, அதனால் வேர்க்காது. பனிக்கட்டியோ குளிர்பதனக் கருவியோ வைத்துத் தண்ணீரைக் குளிராக்கினால்தான் ஆபத்து. ஒன்று மட்டும் கவனியுங்கள். இரவு முழுக்க ஏர்கானை 20-இல் வைத்துக் கணினியை அணைத்துவிட்டு, காலையில் ஜன்னலைத் திறந்தால், அறையிலிருந்து வெளியே வரும்போது மூக்குக்கண்ணாடி மங்குவதுபோல் கேஸ் கண்ணாடியும் மங்கலாம். அரைமணி நேரம் விட்டு முடுக்குங்கள். எந்தக் கணினிக்கும் இது பொருந்தும்.

கேள்வி: ஐயா, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் மகன் இந்த வாட்டர் கூலிங்குக்காக 1,500 வெள்ளி கேட்கிறான். அவசியம்தானா? தண்ணீரும் மின்சாரமும் ஒரே பெட்டியில் இருந்தால் வீட்டுக்கு ஆபத்தில்லையா? *(ஒரு தாய், ஜூரோங் வெஸ்ட்)*

பதில்: அம்மா, அவசியம் இல்லை. நல்ல ஏர் கூலர் ஒன்றே பெரும்பாலான சிபியுக்களுக்குப் போதும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால், தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடிய ஏஐஓ கூலர் இருக்கிறது. அதில் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. ரேடியேட்டரை மேலே மாட்டச் சொல்லுங்கள். உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும், அது ரேடியேட்டரின் உச்சியில் தங்கினால் பம்புக்குத் தொந்தரவில்லை.

ஆபத்தைப் பற்றி: 230 வோல்ட் பவர் சப்ளை பெட்டிக்குள்ளேயே நின்றுவிடும். மற்றச் சாமான்களுக்குப் போவது 12 வோல்ட்டும் அதற்குக் கீழும். ஒழுகினால் பெரும்பாலும் சாமான்தான் போகும். வீட்டு மின்பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி சுவிட்ச் இருக்கிறதா, அதன் சோதனைப் பொத்தானை அழுத்தினால் விழுகிறதா என்று பாருங்கள். கணினி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும்.

காசு கொடுக்கும் முன் மகனிடம் ஒரு தாளைக் கொடுத்து, தண்ணீர் எங்கே தொடங்கி எங்கே போகிறது, எந்த இடத்தில் வெளியே எடுப்பாய் என்று வரையச் சொல்லுங்கள். தயங்காமல் வரைந்தால் அவன் படித்திருக்கிறான், பாதிக் காசைப் பகுதிநேர வேலையில் சம்பாதிக்கச் சொல்லி மீதியைக் கொடுங்கள். கேஸுக்குள் வண்ண விளக்கு எரிவதைப் பற்றி மட்டும் பேசினால் ஏஐஓ போதும்.

கேள்வி: லூப் கட்டி ஒரு வாரம் ஆகிறது. பம்பிலிருந்து களகளவென்று சத்தம் வருகிறது. பழுதா? *(வாசகர், உட்லண்ட்ஸ்)*

பதில்: காற்றுதான். பம்பின் வேகத்தைக் கூட்டி, குறைத்து, மறுபடி கூட்டுங்கள். அணைத்துவிட்டுக் கேஸை நாலு பக்கமும் சாய்த்து, ஒரு இரவு மிதமான வேகத்தில் ஓடவிடுங்கள். காலையில் தொட்டியில் நீர்மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருக்கும். அந்த அளவு கூலண்ட் ஊற்றி மூடியைக் கையால் இறுக்குங்கள்.