தந்திரம் என்றால் சூனியமா?

கேள்வி: எங்கள் ஊரில் 'தந்திர தியானம்' என்று மூன்று நாள் வகுப்பு நடத்துகிறார்கள். கடைசி நாளில் மந்திர தீட்சையும் உண்டாம். சேரலாம் என்றிருக்கிறேன். அம்மா "அதெல்லாம் சூனியக்காரன் வேலை" என்கிறார். தோழிகளோ வேறு அர்த்தத்தில் சிரிக்கிறார்கள். தந்திரம் என்பது உண்மையில் என்ன?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: அம்மாவைக் குறை சொல்ல முடியாது. நரித்தந்திரம் என்றே பேசிப் பழகிவிட்டோம். வடமொழியில் இந்தச் சொல்லுக்குத் தறியில் ஓடும் பாவு என்று ஒரு பழைய பொருள் உண்டு. அப்புறம் அது ஏட்டில் எழுதிய நூலையும் குறித்தது. நம் 'நூல்' என்ற சொல்லும் அப்படித்தானே! திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றுதான் பெயர்.

நீங்கள் தந்திர வழிபாட்டைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வருகிறீர்கள். சிவாலயங்களில் பூசை நடப்பது ஆகம முறைப்படி. சைவ ஆகமங்கள் 28-ம் தந்திர நூல்களே. அடுத்த முறை போகும்போது, பூசை தொடங்குமுன் குருக்களின் கைகளைக் கவனியுங்கள். விரல்களை மடக்கி முத்திரை காட்டுவார். மந்திரம் சொல்லியபடி தலை, மார்பு என்று தொட்டுக்கொள்வார். அதற்கு நியாசம் என்று பெயர். சிவனாகி நின்றே சிவனைப் பூசிக்க வேண்டும் என்பது விதி. கும்பாபிஷேகத்தில் யாகசாலையிலிருந்து கருவறை வரை தர்ப்பைக் கயிறோ நூலோ கட்டியிருப்பார்களே, அதுவும் இந்த வகைதான்.

இதன் தத்துவம் என்ன? உடம்பு முக்திக்குத் தடையல்ல, கருவி. மரபுக்கு மரபு விளக்கம் மாறும். காஷ்மீரத்துச் சைவ தத்துவ ஞானி அபிநவகுப்தர் எல்லாமே சிவம், அதை அடையாளம் கண்டுகொண்டால் போதும் என்ற பக்கம். சைவ சித்தாந்தம் அவ்வளவு சுலபமாக விடாது. உயிரின் அறிவை மறைக்கும் ஆணவ மலம் என்ற அழுக்கு, கண்ணில் விழுந்த புரை மாதிரி. புரை இருக்கிறது என்று தெரிந்துகொண்டதால் பார்வை வந்துவிடுமா? வைத்தியர் கைவைத்தால்தான் விலகும். அந்தக் கைதான் தீட்சை. எனக்கு இந்த உவமைமேல் தனிப் பிரியம்.

தோழிகள் சிரிப்பதற்கும் காரணம் உண்டு. மது, மாமிசம், மைதுனம் (உடலுறவு) முதலான ஐந்து 'ம'காரங்கள், கௌலம் என்ற தந்திரக் கிளையின் சில மரபுகளில் இருந்தன. அங்கும் அவை கடும் விதிகளோடு, தகுதி பெற்ற சிலருக்கு மட்டுமே. மேல்நாட்டுக்குப் போன இடத்தில் அந்த ஒரு கிளையே முழு மரமாகக் காட்டப்பட்டு, விளம்பரமாகத் திரும்பி வந்திருக்கிறது.

வகுப்புக்கு வருவோம். நடத்துபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். உங்கள் குரு யார், எந்த மரபு? தீட்சைக்குப் பிறகு நான் தினமும் என்ன செய்ய வேண்டும்? இரண்டாவதுக்குப் பதில் மழுப்பினால் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூச்சுப் பயிற்சியும் தியானமும் மட்டும் என்றால் போய்ப் பார்ப்பதில் தப்பில்லை; அதைத் தீட்சை என்று எண்ண வேண்டாம்.

உண்மையிலேயே தீட்சை வேண்டுமென்றால் சைவ ஆதீனங்களில் விசாரியுங்கள். முதற்படி சமய தீட்சை. திருநீறு, ஐந்தெழுத்து, நாள்தோறும் அனுட்டானம். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். அம்மாவும் மறுக்க மாட்டார்.