6 வயது மகனுக்குச் சிறுநீர்க்குழாயில் கல்: முதலில் ஸ்டென்ட், பிறகு லேசர் ஏன்?

கேள்வி: என் 6 வயது மகனுக்கு இடப்பக்கச் சிறுநீர்க்குழாயில் 8 மி.மீ. கல். ஆபரேஷனுக்கு அழைத்துப் போனார்கள். ‘குழாய் குறுகலாக இருக்கிறது, கருவி போகவில்லை’ என்று ஸ்டென்ட் மட்டும் வைத்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து லேசராம். மறுபடியும் மயக்க மருந்து என்றால் பயமாக இருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: கருவி போகாத இடத்தில் வலிந்து தள்ளாமல் நிறுத்திக்கொண்டது சரியான முடிவு. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் சிறுநீரைக் கொண்டுவரும் இந்தக் குழாய் பெரியவர்களுக்கே 3, 4 மி.மீ. விட்டம்தான்; இந்த வயதில் இன்னும் சிறியது. குழாய்க்குள் விட்டுப் பார்க்கும் கருவியான யூரிட்டரோஸ்கோப்பில், குழந்தைகளுக்கானதன் நுனி ஒன்றரை மி.மீ. என்றாலும், பின்பகுதி 2 மி.மீ.க்கு மேல் பருத்திருக்கும். சிறுநீர்ப்பைச் சுவருக்குள் குழாய் நுழைகிற இடத்தில்தான் அது பெரும்பாலும் சிக்கும். அங்கே அழுத்தினால் குழாய் கிழியலாம். அன்று தப்பினாலும், பின்னால் தழும்பு கட்டிக் குழாய் சுருங்கி, சிறுநீரகம் வீங்கலாம். கல்லை எடுப்பதைவிட அதைச் சரிசெய்வது பல மடங்கு கடினம்.

டிஜே ஸ்டென்ட் என்பது இரு முனையும் சுருண்ட மெல்லிய குழல். வயதோடு பத்தைக் கூட்டினால் வரும் சென்டிமீட்டர்தான் ஏறக்குறைய அதன் நீளம். உங்கள் மகனுக்கு 16. அது அடைப்பைக் கடந்து சிறுநீரை வடியவிடும். கூடவே, ஓரிரு வாரத்தில் குழாயின் தசை தளர்ந்து தானாகவே விரிந்துகொடுக்கும். அடுத்த முறை கருவி பெரும்பாலும் சுலபமாகப் போய்விடும். லேசர் இழை கல்லைத் தொட்டு உடைக்கும். கல் உடைக்கப் பயன்படும் ஹோல்மியம் லேசரின் தாக்கம் திசுவில் அரை மி.மீ. ஆழம்கூடப் போகாது என்பதால், கல்லின் மேலேயே வைத்து அடித்தால் குழாய்ச் சுவருக்குச் சேதம் அரிது. உடலில் கத்தி படுவதில்லை.

மயக்க மருந்து பற்றிய உங்கள் பயம் புரிகிறது. குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவர் இருக்கிறாரா என்று தயங்காமல் கேளுங்கள். சளி, இருமல் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். சிறுநீரில் கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனை முடிவு வராமல் லேசருக்குப் போக வேண்டாம். கிருமி இருக்கும்போது கல்லை உடைத்தால் அந்தக் கிருமி ரத்தத்தில் பரவலாம்.

ஸ்டென்ட் இருக்கும்வரை அடிக்கடி சிறுநீர் வரும். ஓடி விளையாடினால் சிறுநீர் லேசாகச் சிவந்து போகும், சிறுநீர் கழிக்கும்போது விலாப்பக்கம் வலிக்கும். இவை எதிர்பார்த்தவையே. காய்ச்சல், குளிர் நடுக்கம், ஓயாத வாந்தி, ரத்தக்கட்டி, சிறுநீர் வராமல் போவது, இவற்றில் எது வந்தாலும் நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். லேசருக்குப் பிறகும் சில நாள் ஸ்டென்ட் வைப்பதுண்டு. அதை எடுக்கும் தேதியை டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதி வாங்குங்கள். வலி போய்விட்டதே என்று மாதக்கணக்கில் மறந்துவிட்ட ஸ்டென்ட் மீது கல் படிந்து, அதை எடுக்கவே தனியாக ஆபரேஷன் தேவைப்படலாம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

வாழைத்தண்டுச் சாறு 8 மி.மீ. கல்லைக் கரைக்காது. 4, 5 மி.மீ. வரையுள்ள கற்கள் தாமாக வெளியேறலாம். இந்த அளவுக்கு அந்த வாய்ப்பு குறைவு. அதை நம்பி லேசரைத் தள்ளிப்போடாதீர்கள்.

எடுத்த கல்லைக் கேட்டு வாங்கிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். குழந்தைக்குக் கல் வந்தால் காரணம் தேடியே ஆக வேண்டும்; 24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையும் தேவை. நீங்கள் நெருங்கிய உறவில் மணந்தவர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிஸ்டினூரியா (சிறுநீரில் சிஸ்டின் அதிகம் சேர்வது), ஹைப்பர்ஆக்சலூரியா (ஆக்சலேட் அதிகம் சேர்வது) போன்ற, கல் உண்டாக்கும் பரம்பரைக் கோளாறுகள் அத்தகைய குடும்பங்களில் கூடுதலாக வரும்.

பாலை நிறுத்தாதீர்கள். உணவில் கால்சியம் குறைந்தால் கல்லாகப் படியக்கூடிய ஆக்சலேட்டைக் குடல் கூடுதலாக உறிஞ்சும். குறைக்க வேண்டியது உப்பு: ஊறுகாய், அப்பளம், சிப்ஸ். தண்ணீரைப் பொறுத்தவரை, சிறுநீர் வெளிறிய நிறத்தில் போகுமளவு குடிக்கட்டும். பள்ளிக் கழிப்பறை பிடிக்காமல் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் ஏராளம். ஒருமுறை வகுப்பாசிரியரைப் பார்த்து, கேட்டபோதெல்லாம் அனுப்பச் சொல்லிவிட்டு வாருங்கள்.