சொந்த எஞ்சினை ஏன் கைவிடுகிறார்கள்?

கேள்வி: ‘விட்சர்’ கேம்களைத் தந்த சிடி ப்ராஜெக்ட் ரெட், ‘ஹேலோ’ ஸ்டூடியோ என்று பெரிய நிறுவனங்களே கேமை இயக்கும் அடிப்படை மென்பொருளான எஞ்சினில், சொந்தமாக எழுதியதை விட்டுவிட்டு எபிக் நிறுவனத்தின் அன்ரியல் எஞ்சினுக்குப் போகின்றன. நல்ல கருவி விலைக்குக் கிடைக்கும்போது வாங்கிக்கொள்வதுதானே புத்திசாலித்தனம்? இதற்கு ஏன் சிலர் ஒப்பாரி வைக்கிறார்கள்?
— வாசகர் ஒருவர்

பதில்: வாங்குவதில் தவறே இல்லை. சிறிய குழு ஒன்று எஞ்சின் எழுத உட்கார்ந்தால் கேம் ஒருநாளும் வெளிவராது. 2025-இல் வந்த ‘கிளேர் அப்ஸ்க்யூர்: எக்ஸ்பெடிஷன் 33’ கேமை, ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட மையக் குழு அன்ரியல் 5-ஐ வைத்துத்தான் உருவாக்கியது. முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை ராயல்டி கிடையாது, அதற்கு மேல் 5 சதவீதம் என்ற நிபந்தனை அப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய வரம். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை.

என் கோபம் நூற்றுக்கணக்கான நிரலாளர்களையும் பல ஆண்டு அனுபவத்தையும் கையில் வைத்துக்கொண்டு, அதைக் கலைத்துவிடுகிற பெரிய ஸ்டூடியோக்கள் மீது. அவர்கள் சொல்லும் காரணங்களில் அடிக்கடி வருவது ஆள் சேர்ப்பு. சொந்த எஞ்சினைப் புதியவருக்குப் பழக்க மாதக்கணக்கில் ஆகிறதாம். அன்ரியல் தெரிந்தவர் வந்த அன்றே வேலையைத் தொடங்கிவிடுவாராம். உண்மைதான். ஆனால் வந்த அன்றே தொடங்கக்கூடியவரை எந்த அன்றும் அனுப்பிவிடலாம் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. 2023-லும் 2024-லும் இந்தத் துறையில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். எஞ்சினின் மூலை முடுக்கெல்லாம் அறிந்த ஒருவரை அனுப்ப நிர்வாகம் இரண்டு முறை யோசிக்கும். அந்த யோசனைக்கே இடமில்லாமல் செய்வது இந்த மாற்றத்தின் ஒரு பகுதி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சொந்த எஞ்சினுக்கு எதிராக எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஃப்ராஸ்ட்பைட். அதை உருவாக்கியது ஸ்டாக்ஹோமில் இருக்கும் டைஸ் ஸ்டூடியோ, ‘பேட்டில்ஃபீல்ட்’ போன்ற துப்பாக்கிச் சண்டை கேம்களுக்காக. தாய் நிறுவனமான எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் மற்ற ஸ்டூடியோக்களுக்கும் அதுவே போய்ச் சேர்ந்தது. கனடாவில் பயோவேர் 2014-இல் ‘டிராகன் ஏஜ்: இன்க்விசிஷன்’ செய்தபோது, கதைப்பாத்திர கேமுக்கு அடிப்படையான பல வசதிகள் அதில் இல்லை. பொருள்களைச் சேர்த்துவைக்கும் பை, ஆட்டத்தைச் சேமிக்கும் முறை என்று ஒவ்வொன்றாகப் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது. அதே எஞ்சினில் செய்த ‘மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா’ 2017-இலும் ‘ஆன்தம்’ 2019-இலும் சறுக்கின. சரி, இதில் பயோவேரின் சொந்த எஞ்சின் எங்கே இருக்கிறது? கணக்குப் புத்தகத்தில் ஒரே நிறுவனம் என்பதைத் தவிர, அது அவர்களுக்கு அயலார் எழுதிய எஞ்சின். எழுதியவர் பக்கத்து நாற்காலியில் இல்லை என்பதுதான் அங்கே நடந்த விபத்து. அன்ரியலுக்கு மாறுகிறவர்கள் அதே நிலைமையைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

விட்சர் குழுவின் கதை எனக்கு இன்னும் வருத்தம் தருவது. 2011-இல் ‘விட்சர் 2’ வந்ததிலிருந்து அவர்களுடைய ரெட் எஞ்சின் கேமுக்குக் கேம் வளர்ந்தது. 2020 டிசம்பரில் ‘சைபர்பங்க் 2077’ பிழைகளோடு வெளியாகி, அதே மாதம் சோனி தன் பிளேஸ்டேஷன் இணையக் கடையிலிருந்தே அதை நீக்கியது. அந்த அவமானத்திலிருந்து அவர்கள் எழுந்தார்கள். பிழைகளை ஒவ்வொன்றாகத் திருத்தி, 2023-இல் ‘ஃபேன்டம் லிபர்ட்டி’ என்ற விரிவாக்கத்தைப் பலரும் பாராட்டும்படி கொடுத்தார்கள். ஆனால் அன்ரியலுக்கு மாறும் முடிவு 2022 மார்ச்சிலேயே அறிவிக்கப்பட்டுவிட்டது. நோயாளி எழுந்து நடக்கும்போது மருத்துவமனையை மூடிய கதை இது. அந்தக் குழு எபிக் நிறுவனத்தோடு சேர்ந்து அன்ரியலின் திறந்த உலக வசதிகளை, அதாவது ஆடுபவர் இஷ்டம்போல் சுற்றித் திரியும் பரந்த உலகத்துக்கான வசதிகளை, மேம்படுத்துகிறது. பலருக்கும் அது பயன்படும், மறுக்கவில்லை. ஆனால் அந்த உழைப்பு போய்ச் சேரும் வீடு இன்னொருவருடையது.

ஹேலோ விஷயத்தில் நியாயம் கொஞ்சம் அதிகம். அவர்களுடைய ஸ்லிப்ஸ்பேஸ் எஞ்சினின் சில பகுதிகள் ஏறத்தாழ 25 ஆண்டுப் பழையவை என்று ஸ்டூடியோவே 2024-இல் சொன்னது. பழசாக விட்டது யார் என்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது.

இனி, வீடு இன்னொருவருடையது என்பதன் பொருள். இளம் வாசகர்கள் பலருக்கு ரெண்டர்வேர் என்ற பெயரே தெரிந்திருக்காது. பிளேஸ்டேஷன் 2 காலத்தில் ஊரெல்லாம் உரிமம் வாங்கிய எஞ்சின் அது. 2001-இல் வந்த ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 3’ அதில்தான் ஓடியது. 2004-இல் அதன் உரிமையாளரான கிரைட்டீரியனை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. உலகின் மிகப் பெரிய கேம் ஒன்றின் அடித்தளம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டது! அந்த கேமைச் செய்த ராக்ஸ்டார் சொந்தமாக ரேஜ் எஞ்சினைக் கட்டியது. 2006-இல் ஒரு டேபிள் டென்னிஸ் கேமில் அதை முதலில் ஓட்டிப் பார்த்து, பிறகு ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5’, ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ வரை கொண்டுபோனது. அவர்களால் முடிந்தது, எழுதத் தெரிந்தவர்கள் உள்ளே இருந்ததால்.

பழைய கதை என்று தள்ள வேண்டாம். 2023 செப்டம்பரில், அன்ரியலைப் போலவே பலரும் பயன்படுத்தும் எஞ்சினை விற்கும் யூனிட்டி நிறுவனம், ஒரு கேம் நிறுவப்படும் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் என்று திடீரென்று அறிவித்தது. வெளிவந்து ஓடிக்கொண்டிருந்த கேம்களும் அதில் அடக்கம். எதிர்ப்பு கிளம்பியது, அடுத்த மாதமே தலைமை நிர்வாகி விலகினார், ஓராண்டு கழித்து கட்டணத்தையே ரத்துசெய்தார்கள். அந்த ஓராண்டில் சிறிய ஸ்டூடியோக்கள் பட்ட பாடு எந்தக் கணக்கிலும் வராது. 2020-இல் ஆப்பிளும் எபிக்கும் மோதியபோது, ஆப்பிள் கருவிகளில் அன்ரியலை ஓடச்செய்யத் தேவையான எபிக்கின் மேம்பாட்டுக் கணக்குகளையும் முடக்கப்போவதாக ஆப்பிள் சொன்னது. நீதிமன்றம் குறுக்கிட்டதால்தான், அந்தச் சண்டையில் சம்பந்தமே இல்லாத அன்ரியல் பயனாளர்கள் தப்பினார்கள்.

சொந்த எஞ்சின் வைத்திருப்பது சுகமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஜப்பானிய நிறுவனமான கேப்காமின் ஆர்ஈ எஞ்சின் 2017-இல் ‘ரெசிடென்ட் ஈவில் 7’-இல் தொடங்கி, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ வரை அழகாக ஓடியது. விரிந்த உலகம் கொண்ட ‘டிராகன்ஸ் டாக்மா 2’-இல் மூச்சு வாங்கியது. அதைப் பிரித்துப் பார்த்துச் சரிசெய்யக்கூடியவர்கள் அவர்கள் சம்பளப் பட்டியலிலேயே இருக்கிறார்கள். எனக்கு அது போதும்.

போகிறவர்கள் போகட்டும். ஆனால் ரெட் எஞ்சினையும் ஸ்லிப்ஸ்பேஸையும் பெட்டியில் பூட்டிவைக்காமல், மூல நிரலை வெளியிடட்டும். ஐடி சாஃப்ட்வேர் என்ற கேம் நிறுவனம் தன் ‘டூம்’ கேமின் நிரலை 1997-இலும் ‘குவேக்’ கேமின் நிரலை 1999-இலும் வெளியிட்டது. எத்தனையோ நிரலாளர்கள் அதைப் படித்துத்தான் தொழில் கற்றார்கள். மற்றவர்களின் உரிமம் உள்ள பகுதிகள் கலந்திருக்கின்றன, வெளியிட இயலாது என்பார்கள். ‘டூம்’ நிரலிலும் ஒலிப் பகுதி வேறொருவருடையதாகத்தான் இருந்தது. அதை மட்டும் விலக்கிவிட்டு மீதியைக் கொடுத்தார்கள்.